மாதிரி ரயில் காட்சிப் பலகை: கட்டுவதும் வெயிலில் வைத்துப் படம் எடுப்பதும்

வீட்டுக்குள் எடுத்த மாதிரி ரயில் படத்தை முதலில் காட்டிக்கொடுப்பது நிழல்தான். ஒரு மீட்டர் தள்ளி 6 செ.மீ. அகல பல்பு எரிகிறது என்று வையுங்கள். 10 செ.மீ. உயரக் கட்டடத்தின் நிழல் ஓரம் அந்த ஒளியில் 6 மி.மீ. வரை மங்கிப்போகும். 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காகச் செய்த மாதிரியில், அது அரை மீட்டருக்குச் சமம். நிஜ ரயில் நிலையத்தின் நிழல் வெயிலில் அப்படி மங்குவதில்லை.

சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலத்துக்குத்தான் தெரிகிறது. அதனால் வெயில் நிழலின் மங்கல், நிழல் விழும் தூரத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. 10 செ.மீ. மாதிரிக்கு 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதே கட்டடம் நிஜத்தில் 8.7 மீட்டர், அதன் மங்கல் 8 செ.மீ. இரண்டும் அதே 1:87 விகிதத்தில் பொருந்துகின்றன. கதிர்கள் இணையாக வருவதால் பலகையின் எந்த மூலையிலும் நிழல்கள் ஒரே திசையில் விழும். பின்னால் உள்ள வானமும் மேகமும் தொலைவுக்குத் தொலைவாகவே இருக்கின்றன. இவ்வளவையும் விளக்குகளும் ஓவியத் திரையும் வைத்துச் சாதிக்க முயல்வதைவிட, வெளியே தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு பலகையைக் கட்டிவிடுவது எளிது. அதன் அகலம், எடை, பசை, நிறம் எல்லாமே இந்த நோக்கத்தை ஒட்டித்தான் அமைய வேண்டும்.

கீழே வரும் அளவுகள் ஹெச்ஓ (1:87, பாதை அகலம் 16.5 மி.மீ.) அளவுக்கானவை. 1:160 அளவில் கட்டுபவர்கள் ஏறத்தாழ பாதியாக்கிக்கொள்ளலாம். தோட்ட மண்ணில் நிரந்தரமாகப் பதிக்கும் 45 மி.மீ. பாதைக்கு வடிகால், அடித்தளம் என்று வேறு கவலைகள் உண்டு. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பலகை

நீளம் 120 செ.மீ., அகலம் 60 செ.மீ. போதும். இதைவிடப் பெரிதானால் இரண்டு பேர் வேண்டும், கதவில் இடிக்கும். 6 மி.மீ. ப்ளைவுட்டை 45 × 20 மி.மீ. மரச்சட்டத்தின் மேல் திருகி, நடுவில் குறுக்காக இரண்டு சட்டம் கொடுங்கள். அதன் மேல் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம் (மணி மணியாகப் பிரியாத கெட்டியான பாலிஸ்டைரீன் பலகை). மணிமணியாக உதிரும் வெள்ளைத் தெர்மகோல் வேண்டாம். அதைச் செதுக்கினால் ஓரம் சீராக வராது, மரங்களின் கம்பியும் பிடிமானம் இல்லாமல் ஆடும். ப்ளைவுட்டின் அடிப்பக்கத்துக்கும் இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள். வெளியே கொண்டுபோய் வரும்போது ஈரப்பதம் மாறும். ஒரு பக்கம் மட்டும் பூசிய ப்ளைவுட் அப்போது வளைந்துவிடும்.

பாதையை முன்விளிம்புக்கு இணையாகப் போடாதீர்கள். 5 முதல் 10 டிகிரி சாய்த்தால் ரயில் கேமராவை நோக்கி வருவது போலவோ விலகிப் போவது போலவோ அமையும். பாதை பலகையைவிட்டு வெளியேறும் இடத்தையும் மேட்டை வெட்டிப் பாதை போகும் பள்ளம், பாலம் அல்லது மரக்கூட்டத்தால் மறைக்கலாம். படத்துக்கு மட்டுமான பலகைக்கு மின்கம்பி தேவையில்லை. அந்த உழைப்பைத் தண்டவாளத்தின் தோற்றத்தில் போடுங்கள்.

பின்விளிம்பில்தான் பலர் தவறுகிறார்கள். மனிதக் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1:87இல் அது 18 மி.மீ. லென்ஸை அந்த உயரத்தில் வைத்தால் 60 செ.மீ. பின்னால் உள்ள விளிம்பு தொடுவானத்துக்கு 1.7 டிகிரி கீழே தெரியும். பலகை தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், சுமார் 40 மீட்டருக்குள் உள்ள நிஜத் தரை முழுவதும் அந்த விளிம்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதற்கு அப்பால் உள்ளவை மட்டும் மெல்லிய பட்டையாகத் தெரியும். ஆகவே பின்விளிம்பில் உயரமான குன்று எழுப்ப வேண்டாம். எழுப்பினால் நிஜத் தொலைவு மறைந்து, வெளியே வந்ததன் பயனே போய்விடும். 10 முதல் 20 மி.மீ. உயரத்தில் ஏற்ற இறக்கமான மண்மேடும் புதர்களும் போதும். விளிம்பு நேர்கோடாக மட்டும் இருக்கக் கூடாது. ரம்பத்தால் வெட்டிய கோடு எவ்வளவு மெலிதாக இருந்தாலும் கண்ணில் படும்.

முன்விளிம்பின் நடுவில் 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு விட்டு, அதே அளவில் கழற்றி மாட்டும் ஒரு துண்டு செய்துகொள்ளுங்கள். பெரிய கேமராவின் லென்ஸ் மையம் அதன் அடித்தட்டிலிருந்து 4 முதல் 5 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதைப் பலகை மேல் வைத்தால் 18 மி.மீ. உயரம் கிடைக்கவே கிடைக்காது. துண்டைக் கழற்றிவிட்டால் கேமரா தரைமட்டத்துக்குக் கீழே இறங்கி நிற்கும்.

தண்டவாளமும் ஜல்லியும்

லென்ஸ் இவ்வளவு தாழ்வாக வரும்போது தண்டவாளத்தின் உயரம் பெரிதாகத் தெரியும். தண்டவாள உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளாகச் சொல்லும் எண்தான் 'கோடு' (code). தொடக்கப் பெட்டிகளில் வரும் கோடு 100 தண்டவாளம் 2.54 மி.மீ. உயரம், 87ஆல் பெருக்கினால் 22 செ.மீ. முதன்மைப் பாதைகளில் உள்ள, மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளமே 17.2 செ.மீ.தான். கோடு 83 (2.1 மி.மீ.) அல்லது கோடு 75 (1.9 மி.மீ.) வாங்குங்கள். பக்கவாட்டில் மங்கலான துருப் பழுப்பு பூசி, மேற்பரப்பை மட்டும் துடைத்துவிடுங்கள். வெயிலில் அந்த மெல்லிய வெள்ளிக்கோடு மின்னுவதுதான் பாதைக்கு உயிர். ஒரு மீட்டருக்கு அரை மி.மீ. இடைவெளி விட்டு இணையுங்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் மீட்டருக்குக் கிட்டத்தட்ட அந்த அளவு நீளும். இடமில்லாவிட்டால் பக்கவாட்டில் நெளியும்.

நிஜ ஜல்லி பெரும்பாலும் 25 முதல் 65 மி.மீ. வரை. மாதிரியில் அது 0.3 முதல் 0.75 மி.மீ. கடையில் 'நடுத்தரம்' என்று விற்பது பல நேரங்களில் இதைவிடப் பெரிது. கண்ணுக்குச் சரியாகத் தோன்றினாலும் படத்தில் உருளைக்கிழங்கு கொட்டியது போல இருக்கும். 120 செ.மீ. ஒற்றைப் பாதைக்கு 200 மி.லி. அளவு போதும். செய்முறை இதுதான்:

1. உலர்ந்த ஜல்லியைத் தூவி, மெல்லிய தூரிகையால் ஸ்லீப்பர் கட்டைகளின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிரவுங்கள். தண்டவாளத்தின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணுக்குகளைத் தட்டிவிடுங்கள்.
2. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து, தொலைவிலிருந்து பனிபோலத் தெளியுங்கள். பக்கத்தில் வைத்துத் தெளித்தால் ஜல்லி சிதறும்.
3. ஒரு பங்கு பிவிஏ பசை (வெள்ளை மரப்பசை), இரண்டு பங்கு தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, சொட்டுக்குழாயால் இடுங்கள். ஈரமான ஜல்லி தானே உறிஞ்சிக்கொள்ளும்.
4. 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

இரண்டாவது படியைத் தவிர்த்தால் பசைச்சொட்டு உருண்டு நின்று குழி பறிக்கும். பசை கெட்டியாக இருந்தால் மேலே படலம் கட்டும். அறையில் தெரியாத அந்தப் பளபளப்பு வெயிலில் வெள்ளையாகத் தெறிக்கும். காய்ந்த பிறகும் பளபளத்தால் மேட் வார்னிஷைச் சமஅளவு தண்ணீரில் நீர்த்து ஒரு முறை தெளிக்கலாம். ஸ்ப்ரே டப்பா வார்னிஷ் என்றால் எச்சரிக்கை: அதிலுள்ள கரைப்பான் மூடாத ஃபோமைக் கரைத்துவிடும்.

தரை, புல், மரம், நீர்

ஃபோமைச் செதுக்கியதும் பிளாஸ்டர், பிவிஏ, பழுப்பு அக்ரிலிக் மூன்றையும் கலந்த கலவையை 2 மி.மீ. கனத்தில் பூசுங்கள். நிறம் உள்ளேயே இருப்பதால், மூலை உடைந்தாலும் வெள்ளையோ நீலமோ எட்டிப்பார்க்காது. மேலே தூவ நிஜ மண்ணைவிடச் சிறந்தது இல்லை. நன்றாகக் காயவைத்து, 110 டிகிரி அடுப்பில் அரை மணி நேரம் சூடாக்கிப் பூச்சிகளைக் கொன்று, மெல்லிய சல்லடையில் சலித்து, காந்தத்தை ஒரு முறை ஓட்டுங்கள். மண்ணில் உள்ள இரும்புத்துகள் எஞ்சினின் மோட்டாரில் ஒட்டினால் மோட்டார் கெடும். மணல் வேண்டாம், ஒவ்வொரு மணியும் வெயிலில் தனித்தனியாக மினுக்கும், அதன் அளவு உடனே அம்பலமாகும்.

புல்லுக்கு ஸ்டாட்டிக் இழைகள், அதாவது மின்னூட்டத்தால் பசையில் நிமிர்ந்து நிற்கும் மெல்லிய செயற்கை இழைகள். 2 மி.மீ. இழை நிஜத்தில் 17 செ.மீ. உயரப் புல், 4 மி.மீ. இழை 35 செ.மீ., 6 மி.மீ. இழை அரை மீட்டரைத் தாண்டும். மூன்று நீளங்களையும் இரண்டு மூன்று நிறங்களையும் கலந்து, திட்டுத்திட்டாகப் போடுங்கள். ஒரே நீளத்தில் பரப்பிய புல் தரைவிரிப்பாகிவிடும். மின்னூட்டக் கருவியின் கம்பியை ஈரப் பசையிலேயே செருகுங்கள். பசை படலம் கட்டிவிட்டால் இழைகள் நிற்காமல் படுத்துவிடும், ஆகவே ஒரு நேரத்தில் உள்ளங்கை அகலம் மட்டும் செய்யுங்கள். மிச்சத்தை உறிஞ்சி எடுத்தால் திரும்பப் பயன்படும்.

மரங்களின் உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. 8 அல்லது 10 செ.மீ. மரம் 7 முதல் 9 மீட்டர் மரம்தான். 15 மீட்டர் மரத்துக்கு 17 செ.மீ. வேண்டும். அறையில் குட்டை மரங்களை யாரும் கவனிப்பதில்லை. நிஜ மரவரிசை பின்னால் நிற்கும்போது அவை செடிகளாகச் சுருங்கிவிடும். 0.5 மி.மீ. கம்பி 25 இழைகளை முறுக்கி அடிமரமும் கிளைகளும் பிரித்து, அடியில் 25 மி.மீ. கம்பியை ஃபோமில் செருகும்படி நீட்டி விடுங்கள். ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் மரங்களை இடம் மாற்ற முடிந்தால் ஒரே பலகையிலிருந்து பல இடங்கள் பிறக்கும். கடைசி வரிசை மரங்கள் மேல் மிக நீர்த்த சாம்பல்நீலத்தை லேசாகத் தெளியுங்கள். நிஜத் தொலைவில் காற்றின் புகைமூட்டம் இருக்கிறது. பலகை மரங்களில் அது இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு விழும்.

குளத்துக்கும் ஓடைக்கும் நிஜத் தண்ணீர் ஊற்றும் ஆசை வரும். ஊற்றாதீர்கள். கரையோரம் தண்ணீர் 2, 3 மி.மீ. வளைந்து ஏறி நிற்கும். 1:87 அளவில் அது 17 முதல் 26 செ.மீ. உயரத்துக்குச் சமம். தளத்தில் கரும்பச்சையும் பழுப்பும் பூசி, மேலே பளபளப்பு வார்னிஷ் நான்கைந்து கை அடித்தால், நிஜ வானம் அதில் அப்படியே பிரதிபலிக்கும். ஆழம் வேண்டுமானால் ரெசினை 3 மி.மீ.க்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக ஊற்றுங்கள். நெடுநேரம் வெயிலில் கிடந்தால் எப்பாக்ஸி ரெசின் மஞ்சளாகும்.

நிறங்களைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். அறை விளக்கில் கருமையாகத் தெரிவதை ஈடுகட்ட, மாதிரி செய்வோர் வண்ணத்தில் வெள்ளை கலப்பது வழக்கம். வெயில் பார்க்கப்போகும் பலகைக்கு அது வேண்டாம். அறையில் அளவாக இருந்த வெளிர்நிறம் வெளியே சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிடும். விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பச்சைகள் வெயிலில் வேறு வேறாகப் பிரிவதும் உண்டு. வண்ணம் கலக்கும்போதே வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிடுங்கள்.

வெப்பம்

3டி அச்சில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கால் செய்த பொருட்கள் 60 டிகிரியில் இளகத் தொடங்கும். கருநிறக் கூரை நேர் வெயிலில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடக்கூடும், மூடிய காருக்குள் இன்னும் எளிதாகத் தொடும். பாலிஸ்டைரீன் சற்றுத் தாங்கும் என்றாலும் மெல்லிய சுவர்கள் வளையும். படம் எடுக்காத நேரத்தில் வெள்ளைத் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் சூட்டை அடைத்து வைக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பலகையை வெயிலில் விட வேண்டாம். எஞ்சினும் பெட்டிகளும் கடைசியில் வந்து முதலில் போகட்டும்.

இடமும் நேரமும்

முதலில் பின்னணியைத் தேர்ந்தெடுங்கள், அதற்கேற்ற நேரத்தை அடுத்து, பலகையின் திசையைக் கடைசியில். வரிசையை மாற்றினால் அழகான வெளிச்சத்தில் பின்னால் ஒரு மின்கம்பம் முளைத்திருக்கும்.

10 மீட்டர் உயர மரம் 100 மீட்டர் தள்ளி நின்றால் 5.7 டிகிரி உயரம் தெரியும். பலகையின் பின்விளிம்பில் நட்ட 6 செ.மீ. மரம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு; தொலைதூரத் தோப்பாக இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். அதே மரம் 30 மீட்டரில் இருந்தால் 18 டிகிரி எழும்பி, இலை இலையாகத் தெரிந்து, மாதிரியை விழுங்கிவிடும். குறைந்தது 100 மீட்டர் திறந்த வெளி வேண்டும். நடுவில் 1.5 மீட்டர் சுவரோ வேலியோ குறுக்கிட்டால் பலகையை அந்த உயரத்துக்குத் தூக்குங்கள். லென்ஸுக்குக் கீழே உள்ள எதுவும் தொடுவானத்துக்கு மேலே வராது. உயரம் மாற்றக்கூடிய இரண்டு தாங்கிகளில் பலகையை வைத்து, ரசமட்டம் பார்த்துச் சமன்செய்யுங்கள்.

சூரியன் 20 முதல் 35 டிகிரி உயரத்தில் இருக்கும் நேரம் சிறந்தது. 30 டிகிரியில் நிழல் பொருளின் உயரத்தைப்போல 1.7 மடங்கு நீளும். ஜல்லியின் ஒவ்வொரு கல்லும், பெட்டியின் ஒவ்வொரு ஆணியும் துலங்கும். உச்சிவெயிலில் பெட்டியின் கூரை வெளுக்கும், சக்கரங்கள் கருப்பில் மூழ்கும். சூரியன் உங்கள் தோளுக்குப் பின்னால், ஒரு பக்கமாக இருக்கட்டும். அப்போது எதிரே உள்ள வானம் நீலமாக இருக்கும். சூரியனை நோக்கித் திரும்பினால் வானம் வெளிறிவிடும். உங்கள் நிழலும் கேமராவின் நிழலும் படத்துக்குள் விழவில்லையா என்று பாருங்கள். தாழ்ந்த சூரியனில் இது ஓயாத தொல்லை. சக்கரப் பகுதி இன்னும் இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளை அட்டையை 20, 30 செ.மீ. தள்ளி, படத்துக்கு வெளியே பிடித்து வெளிச்சத்தைத் திருப்புங்கள்.

காற்று அசைந்தால் காத்திருங்கள். 15 செ.மீ. நீளப் பெட்டிக்கு அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைக்கும் எடை சுமார் 113 கிராம். அதற்கும் குறைவான பெட்டி ஒரு வீச்சில் கவிழும், கவிழாவிட்டாலும் சக்கரம் தடம் விலகும். சக்கரத்தின் பின்புறம் ப்ளூடாக் போன்ற ஒட்டும் ரப்பரைக் கடுகளவு வையுங்கள். மனித உருவங்களுக்கும் அதுவே.

கேமரா

கைப்பேசி இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது. சிறிய சென்சாரால் முன்னும் பின்னும் தெளிவு அதிகம் கிடைக்கும். அதைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும். 1எக்ஸ் லென்ஸையே பயன்படுத்துங்கள். அகலக் கோண லென்ஸ் ஓரங்களில் பெட்டியை இழுத்து நீட்டும். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து, 2 நொடி டைமரில் எடுங்கள். போர்ட்ரெய்ட் பயன்முறை கூடவே கூடாது. அது சேர்க்கும் மங்கல், மாதிரியைப் பொம்மையாக்கும் மங்கல்.

பெரிய சென்சார் கேமராவில் 24 முதல் 35 மி.மீ. லென்ஸ், ட்ரைபாட், டைமர், ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு), வெயிலுக்கான நிலையான ஒயிட் பேலன்ஸ். தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16, 1/100 நொடி என்று தொடங்கலாம். லென்ஸ் மிக அருகே ஃபோகஸ் ஆகும்போது வெளிச்சம் சற்றுக் குறையும், ஆகவே 1/60 வரை இறங்க நேரும். எஃப்/22க்குப் போனால் தெளிவின் ஆழம் கூடினாலும், சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் முழுப் படமும் மென்மையாகிவிடும். எஃப்/8 அல்லது எஃப்/11இல் வைத்து, அருகிலுள்ள ஸ்லீப்பரில் தொடங்கி ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி 8 முதல் 12 படங்கள் எடுத்து இணைப்பது மேலானது. ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் இரண்டும் இதற்கென்றே உள்ளவை. இலவசமாக வேண்டுமானால் ஹுகினுடன் வரும் கருவிகள் இருக்கின்றன.

இணைக்கும்போது இரண்டு இடங்களில் சிக்கல் வரும். சூரியன் 4 நிமிடத்தில் 1 டிகிரி நகர்கிறது, 17 செ.மீ. நீள நிழலின் நுனி அதற்குள் 3 மி.மீ. தள்ளிப்போய், இணைத்த படத்தில் இரட்டையாகத் தெரியும். ஒரு தொகுப்பை ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். மேகம் வேகமாக ஓடினால் வானத்தை ஒரே படத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, ஃபோகஸை முடிவிலிவரை கொண்டுபோகும் ஆசை. பலகையின் பின்விளிம்பைத் தாண்டியதும் நிறுத்திவிடுங்கள். தொலைதூர மரங்கள் சற்றே மென்மையாக இருந்தால் மாதிரி மரங்களோடு கலக்கும். அவற்றின் நிஜ இலைகள் கூர்மையாகத் தெரிந்தால் எது மாதிரி என்று கண் பிரித்துவிடும்.

முதல் படத்தை எடுத்ததும் திரையில் பெரிதாக்கி ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பாருங்கள். தூசி, பூனைமுடி, பசை நூல், ஊர்ந்துபோகும் எறும்பு, சாய்ந்து நிற்கும் ஆள், அவன் காலடியில் தெரியும் பிளாஸ்டிக் தட்டு, தண்டவாளத்தில் முழுதாக உட்காராத சக்கரம், பெட்டிகளுக்கு நடுவே அகன்ற இடைவெளி: நேரில் தப்பும் இவை எல்லாம் படத்தில் தப்பாது. 12 மி.மீ. மென்தூரிகையும் இடுக்கியும் பையிலேயே இருக்கட்டும். கைப்பட்ட கூரையில் விரல்ரேகை வெயிலில் மின்னும். ஈரப்பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் மேட் பூச்சு பளபளப்பாகிவிடும்.

கணினியில் செய்ய வேண்டியது குறைவு. கட்டடத்தின் மூலையையோ சிக்னல் கம்பத்தையோ வைத்துப் படத்தை நேராக்குங்கள். பலகை அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் தொடுவானம் காட்டிக்கொடுக்கும். பின்விளிம்பு எங்காவது தெரிந்தால், படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து இன்னொன்றை மூடும் குளோன் கருவியைத் தொடுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு புதரைச் செருகி மறுபடி எடுத்துவிடுங்கள். பலகையும் வெயிலும் இன்னும் அங்கேயே இருக்கும்போது அது இரண்டு நிமிட வேலை.